வெப்பில் நேரம் கேட்பவர்கள் சறுக்கும் இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பெறும் நேரத்தைப் பெரிய பெயர்களே பங்குபோட்டுக்கொள்கின்றன என்பது பழைய பேச்சு. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியில் 2018-லேயே இருபக்கப் பெயர்மறைப்பு வந்துவிட்டது, வெப்புக்கும் அதுதான். விண்ணப்பித்தவர் யார் என்று மதிப்பிடுபவருக்கும், மதிப்பிடுபவர் யார் என்று விண்ணப்பித்தவருக்கும் தெரியாது. ‘எங்கள் முந்தைய ஆய்வில்’ என்று எழுதினாலே சிக்கல். ‘முந்தைய ஆய்வில்’ என்று நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வெப்பின் நேர ஒதுக்கீட்டின் நான்காம் சுற்றுக்கு 2024 அக்டோபருக்குள் சுமார் 2,400 விண்ணப்பங்கள் குவிந்தன. கேட்ட நேரம், இருந்த நேரத்தைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. நல்ல அறிவியலும் தோற்கத்தான் செய்யும்.

தவிர்க்கக்கூடிய சறுக்கல் நேரக் கணக்கில்தான். ஓர் இலக்கைப் பத்து நிமிடமே படம்பிடித்தாலும், தொலைநோக்கி அதன் பக்கம் திரும்புவதற்கென 1,800 நொடி கணக்கில் ஏறும். வழிகாட்டி விண்மீனைப் பிடிப்பதும் கருவியைத் தயார்செய்வதும் அதற்கு மேல். வானில் சிதறிக்கிடக்கும் 20 இலக்குகளைக் கேட்டால் திரும்பவே 10 மணி நேரம் போச்சு!

இன்னொன்று, சூரியனிலிருந்து 85 முதல் 135 டிகிரி வரை விலகிய வானத்தை மட்டுமே வெப் பார்க்கும். ராசிமண்டலப் பாதையை, அதாவது வானில் சூரியன் நகர்வதாகத் தெரியும் பாதையை, ஒட்டிய இலக்கு ஆண்டுக்கு இருமுறை, தலா 50 நாள் அளவில்தான் சிக்கும். குறிப்பிட்ட தேதி வேண்டும் என்பவர்கள் முதலில் இதைச் சரிபார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்