குளிர்பதனக் கிடங்குப் பணி நிறைவு: உறுப்பினர்களுக்கு நிர்வாகக் குழுவின் அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் உற்பத்தியாளர் சங்கத்தின் குளிர்பதனக் கிடங்கு கட்டி முடிந்து, ஒரு அறுவடைப் பருவமும் அதில் ஓடிவிட்டது. பணம் எங்கிருந்து வந்தது, எந்த நிபந்தனையில் வந்தது என்று உங்களுக்குக் கணக்குச் சொல்லக் குழு கடமைப்பட்டிருக்கிறது.

உலகில் விளையும் உணவில் ஏறத்தாழ 13 சதவீதம், அறுவடைக்குப் பின் கடைக்குப் போய்ச் சேருமுன்பே வீணாகிறது என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு. பறித்த காய்க்கும் உயிர் உண்டு, மூச்சு உண்டு. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அந்த மூச்சு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ தணியும். அழுகிப்போகும் ஒவ்வொரு கூடையோடும் அதற்கு இறைத்த நீரும் இட்ட உரமும் சேர்ந்தே போகின்றன. விளைந்ததை முதலில் காப்போம் என்று பொதுக்குழுவில் நீங்கள் கை தூக்கியது அதனால்தான்.

பணம் திரட்டியதுதான் பெரும்பாடு. 2017-18 கணக்கின்படி, பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க உலக அளவில் செலவிடும் பருவநிலை நிதியில் சிறு விவசாயிகளுக்குப் போய்ச் சேர்ந்தது 1.7 சதவீதமே. சிறிய கடனென்றாலும் அதை ஆய்வுசெய்ய ஆகும் செலவு குறைவதில்லை. மழை பொய்த்தால் தவணை நின்றுவிடும் என்ற அச்சம் வேறு. நாங்கள் முதலில் அணுகிய வங்கி மாதத் தவணையில் பிடிவாதமாக நின்றது. நமக்கு வருமானம் மாதாமாதம் வருவதில்லை என்று சொல்லிச் சொல்லியே ஆறு மாதம் போயிற்று.

கடைசியில் உறுப்பினர் பங்குத்தொகை, மானியம், நீண்டகாலக் கடன் மூன்றையும் சேர்த்தோம். நட்டம் வந்தால் மானியத்தில் ஒதுக்கிய காப்பு நிதி முதலில் தாங்கும், பிறகு நம் பங்குத்தொகை, அதற்கும் பிறகுதான் கடன் கொடுத்தவர். இதை எழுத்தில் காட்டிய பின்னரே வேறொரு வங்கி இறங்கிவந்தது. வட்டி சற்றுக் குறைந்தது. தவணையும் அறுவடையை ஒட்டி ஆண்டுக்கு இருமுறை என்றானது. வட்டிக் குறைப்பைவிட இந்தத் தவணை மாற்றத்தையே குழு பெரிதாக நினைக்கிறது. விளைச்சல் கைக்கு வருமுன் கெடு வந்து, வெளியே கைமாற்று வாங்கிக் கட்டும் நிலை இனி இல்லை.

கிடங்கை ஓட்டும் சோலார் தகடுகளுக்குப் பேட்டரி வாங்கவில்லை. பகலில் நீரை உறையவைத்து, அந்தப் பனிக்கட்டியின் குளிரில் இரவைக் கடத்துகிறோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றும் செலவு மிச்சம்.

கதவில் ஒரு குறை இருக்கிறது. ரப்பர் விளிம்பில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தோம். மூன்று பக்கம் இறுகப் பிடித்தது. மேல் மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. குளிர் அந்த வழியாகத்தான் கசிகிறது. அங்கேயும் தாள் பிடிக்கும்வரை ஒப்பந்ததாரரின் பில்லில் பிடித்துவைத்த தொகையை விடமாட்டோம்.

கூடை வாடகையிலிருந்து முதல் தவணை கட்டியாயிற்று. மீதியைப் பழுதுநிதியில் வைத்திருக்கிறோம். இந்த ஆண்டு ஈவுத்தொகை இல்லை. கையிருப்பையெல்லாம் பங்கில் போட்டவர்களுக்கு இது கடினம் என்று தெரிந்தேதான் இந்த முடிவை எடுத்தோம். பங்கு வாங்க முடியாதவர்களுக்கும் வாடகை ஒன்றுதான், அதில் மாற்றமில்லை.

ரசீதுகளும் கடன் ஒப்பந்தமும் கிடங்கு அலுவலகத்தில் இருக்கின்றன. எந்த உறுப்பினரும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
நிர்வாகக் குழு