நாற்பதைத் தாண்டி மறுபடி சலங்கை கட்ட நினைக்கும் அண்ணிக்கு

அன்புள்ள அண்ணி,

இரண்டு பரதநாட்டியப் பள்ளிகளின் விவரத்தையும் அனுப்பி, எதில் சேரட்டும் என்று கேட்டிருந்தீர்கள். போனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதோடு வேலை, வீடு, பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றுக்கும் நடுவில் விட்ட நாட்டியத்தைத் தொடர ஆசைப்படுகிறவர்கள் உங்களைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

இந்த வயதில் என்ன டான்ஸ் என்று அம்மா கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியைத் தொடங்கிய ருக்மிணி தேவி 1904-இல் பிறந்தவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, 1935-இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் ஆடியபோது அவருக்கு வயது 31. அதற்கு முன்பே பாலே பழகிய உடம்பு என்பது உண்மைதான். ஆனாலும் பரதத்துக்கு வந்தது முப்பதை ஒட்டித்தான். நீங்களோ கும்பகோணத்தில் சின்ன வயதிலேயே, தொடக்க உருப்படிகளில் ஒன்றான ஜதிஸ்வரம் வரை போனவர். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் உங்கள் விரல் தாளம் போடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டியது உற்சாக வார்த்தை இல்லை, நல்ல வாத்தியார்.

அப்பார்ட்மென்ட் கிளப் ஹவுசில் நடக்கும் முதல் பள்ளியில் பெரியவர்களுக்குத் தனி பேட்ச், சனி ஞாயிறு வகுப்பு, ஆறே மாதத்தில் மேடை என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த ஆறு மாதம்தான் உறுத்துகிறது. வாரத்துக்கு இரண்டு வகுப்பில், தட்டடவு, நாட்டடவு போன்ற அடவுகள், அதாவது அடிப்படை ஆட்ட அசைவுகள், முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் கூடக் கூட உடம்பில் ஏறவே ஆறு மாதம் போதாது. அதற்குள் மேடை என்றால், அடவை ஓரம் கட்டிவிட்டு ஒரு பாட்டுக்கு நடன அமைப்பை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். விழாவில் எல்லோரும் கைதட்டுவார்கள், போட்டோவும் நன்றாக வரும். அடுத்த வருடம் இன்னொரு பாட்டு. நாலு வருடம் கழித்தும் தீர்மானம் என்கிற ஓர் அடவுக் கோவையைத் தானாகத் தாளத்தில் நிறுத்தத் தெரியாமல் நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், எனக்கு அது மிகவும் வருத்தமாக இருக்கும். அவர்களிடம் உழைப்புக்குக் குறையே இல்லை. பெரியவர்களுக்கு இவ்வளவு போதும் என்று சொல்லிக்கொடுப்பவரே முடிவு செய்துவிட்டார், அவ்வளவுதான்.

அதனால் ஆண்டு விழாவைப் பார்த்துப் பள்ளியை எடை போடாதீர்கள். ஒரு சாதாரண நாளில் போய், வகுப்பு முழுவதும் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். வாத்தியார் தட்டுக்கழியோடு, அதைத் தட்டும் மரக்கட்டையான தட்டுமனைக்கு முன்னால் உட்கார்ந்து, சொல்லுக்கட்டு என்கிற தாளச் சொற்களைத் தானே சொல்கிறாரா, அல்லது ஸ்பீக்கரில் பதிவை ஓட விட்டுவிட்டு போனைப் பார்க்கிறாரா? பதிவு உங்களுக்காக நிற்காது. தட்டுக்கழி நிற்கும், வேகத்தைக் குறைக்கும், அதே இடத்தை மறுபடி தட்டும். பின்வரிசையில் ஒருவர் முழங்கையைத் தொங்கவிட்டால் யாராவது கவனிக்கிறார்களா என்று பாருங்கள். மாணவிகள் 'தெய்யா தெய்' என்று வாயால் சொல்லி, கையால் தாளம் போடுகிறார்களா என்றும் பாருங்கள்.

அப்புறம் முழங்கால். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முட்டியை இரு பக்கமும் விரித்து மடக்கி நிற்கும் அரைமண்டியில் கால் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். இடுப்பு திறக்காதபோது பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தால், முட்டி ஒரு பக்கம், கால்விரல் ஒரு பக்கம் என்று முழங்கால் முறுக்கப்படுகிறது. எட்டு வயதுப் பிள்ளையின் உடம்பு பெரும்பாலும் வளைந்து கொடுத்துவிடும். நாள் முழுக்க பேங்க் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் இடுப்பு அப்படி உடனே திறக்காது. 'உட்காரு, இன்னும் உட்காரு' என்று மட்டும் சொல்லும் வகுப்பு உங்கள் முழங்காலைக் கெடுத்துவிடும். முட்டி விரல்களின் நேரே போகிறதா என்று பார்த்து, இப்போதைக்கு இந்த அளவு போதும், மாதங்கள் போகப் போக ஆழம் வரும் என்று சொல்பவரைத் தேடுங்கள். தொடங்கும் முன் உடம்பைச் சூடேற்றும் பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள்.

தரையையும் செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். கான்கிரீட் மேல் டைல்ஸ் ஒட்டிய தரை துளிகூட விட்டுக்கொடுக்காது. ஒரு மணி நேரம் தட்டினால் அதிர்ச்சி முழுவதும் குதிகாலிலும் கெண்டைக்காலிலும்தான் இறங்கும். அடியில் இடைவெளி விட்டுப் போட்ட மரத்தரை கிடைத்தால் அதிர்ஷ்டம். அது இல்லாவிட்டால், குதிக்கும் அடவுகளை எவ்வளவு நேரம் ஆடச் சொல்கிறார்கள் என்பதையாவது கவனியுங்கள்.

பாணி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பந்தநல்லூரும் வழுவூரும் காவிரிப் பாசனப் பகுதி ஊர்கள். அங்கிருந்து நாட்டியம் சொல்லிக்கொடுத்த நட்டுவனார் குடும்பங்களிலிருந்துதான் அந்தப் பாணிகளின் பெயர்கள் வந்தன. கலாக்ஷேத்ரா 1936-இல் தொடங்கிய பள்ளி. கோடு போட்டது போன்ற கைகால் நேர்த்திக்கு அது பேர்போனது, வழுவூர் குழைவுக்கு. எது உயர்ந்தது என்ற சண்டை நமக்கு வேண்டாம். எதில் சேர்ந்தாலும் அதிலேயே சில வருடங்கள் இருங்கள். பாணி மாறினால் கை போகும் வழியும் பாதம் வைக்கும் விதமும் மாறும், பழகிய அடவை அவிழ்த்துத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கும். கும்பகோணத்தில் பழகியது அங்கங்கே தலைகாட்டும். அதை முதல் நாளே வாத்தியாரிடம் சொல்லிவிடுங்கள். மார்கழியில் நாரத கான சபாவிலோ கிருஷ்ண கான சபாவிலோ சில கச்சேரிகள் பார்த்தால் எந்த ஆட்டம் மனதை இழுக்கிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

நான் மிகவும் ஆவலோடு காத்திருப்பது உங்கள் அபிநயத்துக்கு. பதங்கள் என்கிற காதல் பாடல்களில் வரும் நாயகி ஊடுவாள், ஏங்குவாள், தோழியிடம் குறைப்பட்டுக்கொள்வாள். பன்னிரண்டு வயதில் சொல்லிக்கொடுத்த முகபாவத்தை அப்படியே திருப்பித் தரத்தான் முடியும். உங்கள் வயதில் அந்த வரியை வாழ்ந்து பார்த்த முகம் இருக்கிறது. பெரிய மாணவிகளுக்கு பதம் வரை கற்றுக்கொடுத்திருக்கிறார்களா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

பணத்தில் மாதக் கட்டணம் ஒரு பகுதிதான். உடை வாடகை, மேக்கப், விழாப் பங்கு என்று வருடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அரங்கேற்றம் கட்டாயமா என்பதையும் கேளுங்கள். பக்க வாத்தியம், ஹால், சாப்பாடு என்று அது லட்சங்களில் போய் நிற்கும். விருப்பம் இருந்தால் செய்யலாம், யாரும் நெருக்கக் கூடாது.

இப்போது என் முடிவைச் சொல்கிறேன். இரண்டாவது பள்ளியிலேயே, குரோம்பேட்டையில் வீட்டு மாடியில் சொல்லிக்கொடுக்கும் அந்த அம்மாவிடம் சேருங்கள். 'தனி பேட்ச் கிடையாது, பிள்ளைங்களோட நின்னு ஆடணும், முழங்கால்ல வலி இருக்கா' என்று கேட்டாரென்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு அது முகத்தில் அடித்தது போல இருந்திருக்கிறது. எனக்கு அந்தக் கேள்வியிலேயே நம்பிக்கை வந்துவிட்டது. பத்து வயதுப் பெண்ணுக்குப் பின்னால் நின்று நாட்டடவு போடுவதில் வெட்கம் வேண்டாம் அண்ணி. அந்தப் பெண்ணைத் திருத்துவது போலவே உங்களையும் திருத்துகிறாரா என்பது மட்டும்தான் கணக்கு. பேங்கிலிருந்து தாம்பரம் வந்து ரயில் ஏறினால் நேரமும் ஒத்துவரும்.

விஜயதசமி வரை காத்திருக்காமல் இந்த வாரமே ஒரு வகுப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிடித்திருந்தால் வெற்றிலை பாக்கு, பழத்தோடு விஜயதசமியன்று போய்ச் சேரலாம். வகுப்புச் சேலை இப்போதே வாங்க வேண்டாம், என்ன நீளம், எந்தத் துணி என்று அவரே சொல்வார். அந்த மாலைகளில் சமையலை அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும், அவனிடம் நான் பேசிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்