பெற்றோரின் கையொப்பத்தைக் கேட்காதீர்கள்

மாண்புமிகு அவுஸ்திரேலியப் பாதுகாப்பு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

போரில் இறந்த படையினரை நினைவுகூரும் அன்சாக் நாளுக்கு முதல் வாரம் என் மகன் பாடசாலையால் வந்து இரண்டு தாள்களை மேசையில் போட்டான். ஒன்று வீட்டுவேலை. ஜிம் மார்ட்டினின் துணிவைப் பற்றி ஒரு பக்கம் எழுதவேண்டும். மற்றது யாரோ நண்பனின் அண்ணன் கொடுத்த, படையில் சேர்வது பற்றிய துண்டுப்பிரசுரம். 17 வயதில் சேரலாம், 18 ஆகாதவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று அதில் இருந்தது. "அம்மா, நான் கேட்டா சைன் வைப்பீங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். அவனுக்கு வயது 14. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலாம் உலகப்போரில், துருக்கியின் கலிப்போலியில் நடந்த போரில் இறந்த அவுஸ்திரேலியர்களில் மிக இளையவன் என்று நம்பப்படும் ஜிம்மைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வருடாவருடம் அவன் படத்தை வைத்துப் பேசுகிறவர்கள் நீங்கள். ஆனால் அந்தப் பேச்சுகளில் எப்போதும் விடுபடும் ஒரு விடயம் இருக்கிறது. அதைத்தான் எழுதவந்தேன்.

அவன் 1901 ஜனவரியில் டொக்கும்வோலில் பிறந்தவன். ஆறு பிள்ளைகளில் ஒரேயொரு ஆண்பிள்ளை. 1915 ஏப்ரல் 12 அன்று, மெல்பேர்ணில், 18 வயது என்று சொல்லிப் படையில் சேர்ந்தான். உண்மையில் 14 வயதும் மூன்று மாதமும். பொய் சொன்னவன் அவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 21 ஆகாதவன் சேரப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்ற விதி அன்றும் இருந்தது. பிள்ளைகளுக்கு வேலியாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் அதை வைத்திருப்பார்கள். நடந்தது வேறு. நீங்கள் விடாவிட்டால் வேறு பெயரில் சேர்ந்து போய்விடுவேன், பிறகு கடிதமும் போடமாட்டேன் என்று பெடியன் வீட்டில் சொல்லிவிட்டான். தாய் அமீலியாவும் தகப்பனும் மனமில்லாமல் சம்மதித்தார்கள். எங்கே இருக்கிறான், உயிரோடு இருக்கிறானா என்றாவது தெரியவேண்டுமே. கையொப்பத்தைக் கொடுத்துக் கடிதங்களை வாங்கினார்கள்.

அவன் சொன்ன சொல் தவறவில்லை. கப்பலிலிருந்தும் எகிப்திலிருந்தும் பதுங்குகுழியிலிருந்தும் எழுதினான். ஆனால் வீட்டிலிருந்து போன கடிதங்கள் அவனுக்குக் கிடைக்கவில்லை. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் வாசிப்பதை நிறுத்திவிடுகிறேன். செப்டெம்பர் 2 அன்று, ஏறிப்போன 'சவுத்லாண்ட்' கப்பல் ஈஜியன் கடலில் டோர்ப்பிடோ பட்டு, நான்கு மணி நேரம் தண்ணீரில் கிடந்த பிள்ளை. ஒரு வாரம் ஆகுமுன்னே கலிப்போலியில் இறக்கிவிடப்பட்ட பிள்ளை. அவன் வீட்டுக்கு எழுதியது, தான் நலம், கவலைப்படவேண்டாம் என்பது. அவனுடைய முறைப்பாடு ஒன்றே ஒன்றுதான்: வீட்டிலிருந்து ஒரு கடிதமும் வரவில்லை. அம்மா எழுதவில்லை என்றே நினைத்திருப்பானோ? மெல்பேர்ணின் ஹோதோர்னில் இருந்த அம்மா, எழுதி எழுதித் தபாலில் போட்டுவிட்டு, இதற்குள் கிடைத்திருக்கும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.

பிறகு நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்). ஒக்டோபர் 25 அன்று 'கிளெனார்ட் காசில்' என்ற மருத்துவக் கப்பலில் ஏற்றினார்கள். அன்று மாலையே இதயம் நின்றுவிட்டது. 14 வயதும் ஒன்பது மாதமும். உடலைக் கடலில் விட்டார்கள். கல்லறை இல்லாததால் கலிப்போலியில் உள்ள லோன் பைன் நினைவுச் சுவரில் பெயர் மட்டும் இருக்கிறது. அரசு பின்னர் அந்தக் குடும்பத்துக்கு, விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் இறந்தான் என்று பொறித்த வெண்கல வட்டு ஒன்றைக் கொடுத்தது. சனங்கள் அதற்கு 'செத்தவன் காசு' என்று பெயர் வைத்தார்கள். கப்பல் புறப்பட்ட நாளின் சிவப்பு நாடாவிலிருந்து அவன் எடுத்துவைத்திருந்த ஒரு துண்டும், அவன் கடிதங்களும், அந்த வட்டும் கன்பராவில் போர் நினைவகத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. பிள்ளைகளுக்குத் துணிவைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் அந்தக் கடிதங்களையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லலாம்.

அமைச்சர் அவர்களே, என் கோரிக்கை சிறியது. 18 ஆகாத பிள்ளையைச் சேர்க்காதீர்கள். அந்தப் படிவத்தில் பெற்றோருக்கென்று விட்டிருக்கும் இடத்தை எடுத்துவிடுங்கள்.

18 ஆகும்வரை சண்டைக்களத்துக்கு அனுப்புவதைத் தவிர்க்கிறோம், இது 1915 அல்ல என்று உங்கள் அலுவலகம் பதில் எழுதும். தெரியும். அப்படியானால் ஒரு வருடம் பொறுக்க என்ன கஷ்டம்? சிறுவர்களைப் போரில் ஈடுபடுத்துவது பற்றிய ஐ.நா. நெறிமுறையை 2006இல் ஏற்றபோது அவுஸ்திரேலியா 17 என்று எழுதிக்கொடுத்தது. 18 ஆக உயர்த்துங்கள் என்று ஐ.நா.வின் சிறுவர் உரிமைக் குழு கேட்டும் 17தான்.

இதே நாட்டில் 16 ஆகாத பிள்ளை இன்ஸ்டகிராமில் கணக்கு வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் போட்டீர்கள். நல்லது, நானும் கைதட்டினேன். அந்தச் சட்டத்தில் பெற்றோர் சம்மதித்தாலும் விலக்கு இல்லை. அதாவது, படம் போடுவதற்கு என் கையொப்பம் செல்லாது, படைக்குப் போவதற்குச் செல்லும். 17 வயதுப் பிள்ளை வாக்குச் சாவடியில் அம்மாவின் கடிதத்தை நீட்டி வாக்குப் போட முடியுமா? கடையில் பியர் வாங்க முடியுமா? உங்கள் வாசலில் மட்டும் என் எழுத்துக்கு எங்கிருந்து இவ்வளவு மதிப்பு வந்தது?

கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது, மன்னிக்கவேண்டும். காரணம் உண்டு. நான் இலங்கையில் போர் நடந்த வன்னியால் வந்தவள். எங்கள் பக்கத்தில் படிவம் நீட்டவில்லை, வீட்டுக்கு ஒருவர் என்று கேட்டார்கள். பிள்ளையைக் கிடங்குக்குள் ஒளித்துவைத்துச் சோறு கொடுத்த தாய்மாரைத் தெரியும். தாலி கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று 16 வயதில் மகளுக்குக் கலியாணம் செய்துவைத்தவர்களையும் தெரியும். அதுவும் இதுவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. இங்கே யாரும் இரவில் வந்து கதவைத் தட்டுவதில்லை, அதற்கு இந்த நாட்டுக்கு நன்றி. ஆனால் அங்கே பழி பறித்தவர்களோடு இருந்தது. இங்கே நான் பேனையை எடுத்தால் அது என்னோடு வந்துவிடும். என் மகன் அடம்பிடிப்பான். போகாவிட்டால் பேசமாட்டேன் என்பான். 14 வயது ஜிம் சொன்னதைத்தான் 17 வயதில் இவனும் சொல்வான். அப்போது நானும் பேனையை எடுத்துவிடுவேனோ என்று எனக்கே பயம். சட்டம் 'முடியாது' என்று சொன்னால், அந்த ஒரு வருடத்துக்கு அவன் கோபம் உங்கள்மேல் இருக்கட்டும், என்மேல் வேண்டாம். அரசு என்று ஒன்று இருப்பது அதற்கும்தானே.

படையில் சேரவே கூடாது என்று நான் கேட்கவில்லை. 18 ஆனபின் அவன் முடிவு அவனுடையது. நான் அழுதாலும் அது என் பாடு. அதுவரை அந்தக் கையொப்பத்தை என்னிடம் கேட்காதீர்கள் என்று மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுவேலையை மகன் எழுதி முடித்துவிட்டான். என்ன எழுதினான் என்று நான் பார்க்கவில்லை.

உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். இப்போது தபால் ஒழுங்காக வருகிறது, போட்டால் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
டண்டினோங், விக்டோரியா