பெப்டைட் ஊசி: மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தோள்பட்டை ஜவ்வு கிழிந்தவர்கள், குதிகால் தசைநாண் வலியால் ஓட முடியாதவர்கள், ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் எனப் பலரும் இப்போது ‘பெப்டைட்’ ஊசியைப் பற்றி விசாரிக்கிறார்கள். இணையத்தில் குப்பியை வரவழைத்துத் தாங்களே போட்டுக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் மருத்துவரிடம் போனால், திட்டுவார் என்று பயந்து இதை மட்டும் சொல்வதில்லை. சில விவரங்களைத் தெரிந்துகொண்டு, எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னால்தான் அவரிடமிருந்து உருப்படியான பதில் கிடைக்கும்.

பெப்டைட் என்பது அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலி. இன்சுலினும், எலும்பு அடர்த்தி குறையும் ஆஸ்டியோபோரோசிஸ் நோய்க்குக் கொடுக்கும் டெரிபாரடைடும் அந்த வகைதான். இவை முறையாகச் சோதிக்கப்பட்டு அனுமதி பெற்ற மருந்துகள். ‘காயம் ஆற்றும்’ என்று விற்கப்படும் பிபிசி-157 அப்படியல்ல. 15 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தச் செயற்கைப் பொருள் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகளிடம், அதிலும் குரோஷியாவின் ஜாக்ரெப் நகரைச் சேர்ந்த ஒரே குழுவால் நடத்தப்பட்டவை. மனிதர்களிடம் நடந்தவை ஒரு சிலரை வைத்துச் செய்த சிறு ஆய்வுகளே. எலியின் தசைநாண் ஆறியது என்பது உண்மையாகவே இருக்கலாம். உங்கள் தோளுக்கு எவ்வளவு, எத்தனை நாள், என்ன பக்கவிளைவு என்பதற்கு அதில் விடை இல்லை.

பெயரை நம்பியும் வாங்க முடியாது. இதேபோல் விற்கப்படும் டிபி-500 என்ற பெயரில், நம் உடலிலேயே உள்ள, 43 அமினோ அமிலங்கள் கொண்ட தைமோசின் பீட்டா-4 என்ற பெப்டைட் முழுதாகவும் விற்கப்படுகிறது, அதன் 7 அமினோ அமிலத் துண்டும் விற்கப்படுகிறது. இரண்டும் வேறு வேறு பொருள்கள். மாத்திரையாகக் கிடைக்கும் எம்கே-677 பெப்டைடே அல்ல. வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டி ரத்தச் சர்க்கரையை ஏற்றும். இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களிடம் அதைச் சோதித்தபோது, இதயச் செயலிழப்பு அறிகுறி தெரிந்ததால் சோதனையையே பாதியில் நிறுத்தினார்கள். கொலாஜன் பெப்டைட் பவுடர் இந்தப் பட்டியலில் சேராது, அது உணவுப்பொருள். 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று லேபிளில் இருந்தால், மனித உடலுக்குள் செலுத்த எவரும் பொறுப்பேற்கவில்லை என்று பொருள். மருந்து உரிம எண்ணும் அதில் இருக்காது. ‘99% தூய்மை’ என்று காட்டும் சான்றிதழ் கிருமியின்மையைச் சொல்வதில்லை. பாக்டீரியா விட்டுச்செல்லும் எண்டோடாக்சின் நச்சைப் பற்றியும் சொல்வதில்லை. கிருமியை நீக்கப் பயன்படும் 0.22 மைக்ரான் வடிகட்டி பாக்டீரியாவைத் தடுக்கும், எண்டோடாக்சினைத் தடுக்காது. ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அந்த நச்சையும் சந்தேகிக்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இங்கே இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்ச் விற்கிறார்கள்: சிவப்பு மூடி 40 யூனிட் வகை, ஆரஞ்சு மூடி 100 யூனிட் வகை. இணையத்தில் கிடைக்கும் வெளிநாட்டு மருந்தளவுக் கணக்குகள் பெரும்பாலும் 100 யூனிட் சிரிஞ்சுக்கு எழுதப்பட்டவை. அதில் ‘10 யூனிட்’ என்றால் 0.1 மி.லி.; சிவப்பு மூடியில் அதே 10 யூனிட் 0.25 மி.லி. இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும், போட்டுக்கொண்டவருக்குத் தெரியவே தெரியாது. தூளைக் கரைக்கும் நீரிலும் தவறு நேர்கிறது. சாதாரண ஸ்டெரைல் வாட்டரில் கிருமித்தடுப்பான் இல்லை, திறந்ததும் ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும். அதில் கரைத்து வாரக்கணக்கில் ஃபிரிட்ஜில் வைத்துப் போடுபவர்களுக்குச் சீழ்க்கட்டி வரக்கூடும்.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் குப்பியையும் சிரிஞ்சையும் கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மி.கி. தூளில் எத்தனை மி.லி. நீர் கலந்தீர்கள், எத்தனை யூனிட், எந்தத் தேதியிலிருந்து என்பதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புற்றுநோய் வந்திருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். புதிய ரத்தக்குழாய்களைத் தூண்டும் பொருளும், வளர்ச்சி ஹார்மோனை ஏற்றும் பொருளும் அங்கே கவலைக்குரியவை. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் இதை மறைக்கக் கூடாது. ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை), கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள். கிரியேட்டின் பவுடர் சாப்பிடுவதையும் சொல்லுங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு அதனாலும் கூடும். சொல்லாவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிட்டதாகத் தோன்றும்.

போட்டிகளில் இறங்கும் வீரர்களுக்குப் பிபிசி-157-ஐ உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022 முதல் தடை செய்திருக்கிறது. டிபி-500-உம் தடைப் பட்டியலில் உள்ளது. பயிற்சியாளர் கொடுத்தார் என்பது தண்டனையிலிருந்து காப்பாற்றாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவரிடம் கேட்க வேண்டியது, ‘எனக்கு என்ன காயம்?’ என்பதுதான். நாள்பட்ட குதிகால் தசைநாண் வலிக்கு, படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்லக் கீழே இறக்கும் பயிற்சி இருக்கிறது: முழங்காலை நீட்டி 15 முறை வீதம் 3 சுற்று, லேசாக மடக்கி இன்னொரு 3 சுற்று, காலை மாலை, 12 வாரம். மனிதர்களிடம் சோதித்துப் பலன் கண்ட முறை இது. செலவும் இல்லை. நான்காவது வாரத்தில் பொறுமையிழந்துதான் பலர் குப்பியைத் தேடுகிறார்கள்.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இதைச் சொல்லும் நோயாளியைக் கடிந்துகொள்ளாதீர்கள். அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். பக்கவிளைவு ஏற்பட்டால் குப்பியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து, 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே புகார் பதியலாம். இந்த எண்ணை மருந்துக் கடைகளிலும் ஜிம்களிலும் எழுதி ஒட்ட மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.