ஓடுசப்பாத்தும் படியிரங்கலும்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்ததை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே உன் அம்மாவின் கண் சத்திரசிகிச்சையும் நல்லபடி முடிந்தது. போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். அந்தக் கதை கடைசியில்.

நான் திரும்ப ஓடத் தொடங்கிவிட்டேன். 14 மாத இடைவெளி. முதலில் கால் சுளுக்கு, பிறகு மழை, பிறகு வேறு யார், நான்தான். பள்ளிக்கூடத்தில் பின்வாங்கில் இருந்து புதுச்சொல் கட்டின பழக்கம் இன்னும் விடவில்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்த சப்பாத்தை இழுத்து எடுக்கும்போதே ஒன்று வந்துவிட்டது: ஓடுசப்பாத்து. வினைத்தொகை. ஊறுகாய் மாதிரி, காலம் உள்ளே ஒளிந்திருக்கும். ஓடிய சப்பாத்தா, ஓடுகிற சப்பாத்தா, இனித்தான் ஓடுமா என்று ஒருவரும் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. அந்த 14 மாதமும் ஒவ்வொரு இரவும் அலாரம் வைத்துவிட்டுப் படுத்தேனே, அது நாளையோட்டம். அதில் நான் ஒருநாளும் களைத்ததில்லை.

காலை மரைன் டிரைவில் இறங்கினேன். பம்பலப்பிட்டிக்கு அரைவாசித் தூரம்கூட இல்லை, நெஞ்சுக்குள் தவில். இரண்டு மூன்று கிழமை விட்டாலே மூச்சு வலு இறங்கத் தொடங்கிவிடும்; தசையின் பலம் அவ்வளவு கெதியாகப் போகாது. அதனால் கால் வா என்கிறது, நெஞ்சு இரு என்கிறது. குனிந்து, அவிழாத நாடாவை அவிழ்த்துக் கட்டினேன். நாடாச்சாட்டு. (நாடாமலே வந்த சாட்டு என்றும் பிரிக்கலாம்.) மூன்றாம் தரம் குனிந்தபோது கோட்டைக்குப் போகிற ரயில் வந்தது. வாசலில் தொங்கின பெடியன் ஒருவன் "துவன்ன அங்கிள்!" என்று கத்தினான், சிங்களத்தில் ஓடுங்கோ என்று. ஓடினேன், மச்சான், பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டி மாதிரி. கடைசிப் பெட்டி கடக்கும்வரைதான். அதற்கு ரயில்வீரம் என்று பெயர் வைத்தேன்.

அன்றைக்கு ஒன்றும் நோகவில்லை. மற்ற நாள் மூன்றாம் மாடியில் நின்று படியைப் பார்த்தபோதுதான் விளங்கியது. இது அமிலம் தேங்கி வருகிற நோ என்றுதான் நாமெல்லாம் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. பழகாத தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளும்போது நுண்ணிய காயங்கள் படுகின்றன. நோ உச்சத்துக்கு வர ஒன்றிரண்டு நாள் எடுக்கும். படி இறங்கும்போது தொடை செய்வதும் அதே வேலை. ஏறினேன், பரவாயில்லை. இறங்கினது கைபிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில், நண்டு மாதிரி. இது படியிரங்கல். எழுத்துப்பிழை இல்லை, சின்ன ர தான். கீழ்வீட்டு அன்ரி கதவைத் திறந்து துக்கம் விசாரிக்கிற முகத்தோடு பார்த்தார்.

சனிக்கிழமை காலிமுகத்திடல். ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த நடைபாதை. கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காக இதைப் பின்னால் வருகிற ஆளுநர்களிடம் ஒப்படைப்பதாக அங்கே கல்லில் பொறித்திருக்கிறது. வயிறு வைத்த ஆண்களைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. உரிமை இல்லாத இடத்தில் ஓடுவானேன் என்று நடந்தேன், இறால் வடை வண்டிவரை. இரண்டு வடை. எரித்ததை உடம்பில் திரும்பக் குடியமர்த்தும் இந்த வேலை மீள்வடையேற்றம். மீள்குடியேற்றம் பார்த்த எங்கடை ஆட்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. நீ கோபிக்கமாட்டாய் என்றுதான் எழுதுகிறேன்.

இவ்வளவையும் உன் அம்மாவுக்குச் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியோடு கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு சிரிப்பும் இல்லை. "விட்டகுறை தொட்டகுறை எண்டு ஒண்டு இருக்கெல்லே தம்பி. விட்டகுறையோட்டம் எண்டு சொல்லன்" என்றார். எனக்கு வாய் அடைத்துப்போனது.

அப்புறம், ஜிம்முக்கு மாதாமாதம் காசு கட்டிவிட்டுப் போகாமல் இருப்பதற்கு ஒரு சொல் கேட்டிருந்தாய். பைமெலிவு. மெலிவது நீ இல்லை, காசுப்பை. பிடிக்காவிட்டால் அம்மாவுக்கே எடுத்துக் கேள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்பார்.

அன்புடன்,
மூன்றாம் மாடியில் இருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்
உன் நண்பன்