வற்றத்தில் போடு, செல்வம்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. மழை வெள்ளம் வடிந்து வெள்ளாற்றில் மறுபடி உப்பு ஏறிவிட்டது. பரங்கிப்பேட்டைப் பக்கம் தண்ணீர் தெளிந்திருக்கிறது. கொடுவா மீன் பிடிக்க இனி நல்ல காலம்.

நிறை ஓதத்தில், கடல் தண்ணீர் முழுதாக ஏறி நிற்கும்போது, தூண்டில் போட்டும் ஒன்றும் கடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். கடிக்காது. தண்ணீர் எவ்வளவு ஏறியது என்பதை விட எப்படி ஓடுகிறது என்பதுதான் முக்கியம். நம் கரையில் அமாவாசை ஓதத்துக்கே ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். அதனால் ஓட்டம் பலமாக இருக்கும் நேரமும் குறைவு. வற்றம், அதாவது தண்ணீர் இறங்குவது, தொடங்கி ஒரு மணி நேரம் போகட்டும். அப்போது சுரபுன்னைக் காட்டு வாய்க்கால்களிலிருந்து இறாலும் மடவை மீன் குஞ்சும் வெளியே இழுபட்டு வரும். வாய்க்கால் வாயில், வேகத் தண்ணீரும் தேங்கிய தண்ணீரும் உரசுகிற கோட்டில்தான் கொடுவா காத்துக் கிடக்கும். ஓதம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் பின்தள்ளும். முகத்துவாரத்திலிருந்து உள்ளே போகப் போக இன்னும் தாமதமாகும். ஓத அட்டவணை நேரத்தை அப்படியே நம்பிப் போகாதே.

இரை பாதி தின்றபடி வருகிறது என்றாயே, அது நண்டு வேலை. தூண்டிலில் கட்டும் ஈயம் கனமாக இருந்தால் இறால் தரையோடு கிடக்கும், நண்டுக்கு விருந்து. தூண்டில் நரம்பில் வழுக்கி ஓடும்படி 10 கிராம் ஈயக் குண்டு போதும். ஓட்டம் இழுத்தால் மட்டும் 20. உயிர் இறாலின் கொம்புக்குக் கீழே, ஓடு வழியாகத் தெரிகிற கரும்புள்ளியைத் தொடாமல் தூண்டில் முள்ளைக் குறுக்கே ஏற்று. புள்ளியில் குத்தினால் உடனே செத்துவிடும். வட்ட முள், 1/0 அல்லது 2/0 அளவு. கடித்ததும் வெடுக்கென்று இழுக்காதே. நரம்பு இறுகட்டும், முள் தானாக வாயோரத்தில் மாட்டும்.

முள்ளுக்கு முன்னால் இரண்டடிக்குக் குறையாமல் 40 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு கட்டு. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் கத்தி. மெல்லிய நரம்பை ஒரே உதறலில் அறுத்துவிடும். பாலத் தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பியும் அப்படித்தான்.

ஒன்று கேட்டுக்கொள். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பின்பே பெட்டையாகும். ஏழெட்டுக் கிலோவைத் தாண்டியது பெரும்பாலும் முட்டையிடும் மீன். அதை விட்டுவிடு. தாடையில் தொங்கவிடாமல் வயிற்றைத் தாங்கிப் பிடித்து, ஓட்டத்துக்கு எதிரே தலையை வைத்து, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை பிடித்திரு. சமையலுக்கு இரண்டு கிலோ மீனே ருசி.

அமாவாசை கழிந்து இரண்டு மூன்று நாளில் வா. இறால் அங்கிருந்து கொண்டுவர வேண்டாம், வழியில் சூட்டில் செத்துவிடும்; இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இறாலை உயிரோடு வைக்க, காற்று மோட்டார் வைத்த வாளி மட்டும் எடுத்து வா.

அன்புடன்,
குமார்