படத்தை எடுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள்: விண்வெளி வீடியோ போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தமிழில் விண்வெளி வீடியோ போடும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதற்கும் ஒரு வீடியோ வரும்.

எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று உங்களுக்கே தெரியும். கருகிப்போன ஒரு கட்டி, எதிரே தொப்பி வைத்த அதிகாரிகள், கட்டியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், மேலே மஞ்சள் எழுத்தில் "கடைசி அலறல்". அந்தக் கட்டிக்கு ஒரு பெயர் உண்டு. விளாதிமிர் கோமரோவ். சோவியத் விண்வெளி வீரர். வயது 40. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தவர். அந்தத் தம்ப்நெயிலை எடுத்துவிட்டு, அவர் ஏன் இறந்தார் என்று வீடியோவில் சொல்லுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. இவ்வளவுதான், ஆனாலும் ஏன் இத்தனை நீளமாக எழுதுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் முப்பது வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். போன மாதம் ஒரு பள்ளியில் கட்டுரைப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, விண்வெளியில் உயிர் நீத்தவர்கள். மொத்தம் இருபத்தாறு தாள்கள். அவற்றில் பத்தொன்பதில் கோமரோவ் வந்தார். பத்தொன்பதிலும் ஒரே வாக்கியங்கள், ஒரே வரிசை. சாவோம் என்று தெரிந்தே, விண்வெளிக்கு முதலில் போன ககாரினுக்காகப் போனார், விழும்போது அதிகாரிகளைச் சபித்துக்கொண்டே விழுந்தார், அலறினார். காப்பி அடித்தார்களோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். பிறகு உங்கள் வீடியோக்களைப் போட்டுப் பார்த்தேன். காப்பிதான், ஆனால் பக்கத்து மாணவனைப் பார்த்து அடித்ததல்ல.

ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தாளின் பாதியில் படமே வரைந்திருந்தாள். பென்சிலால் பொறுமையாக நிழல் கொடுத்து, விளிம்பெல்லாம் விரலால் தேய்த்து, அந்தக் கட்டியை அப்படியே வரைந்துவிட்டாள். கீழே நல்ல கையெழுத்தில் "கோமரோவ்". அவர் சிரிக்கும் படங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவள் பார்த்தது இது ஒன்றைத்தான். சிவப்பு மையால் அதன்மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

பத்தொன்பது பேரில் ஒருவர்கூட பாராசூட் ஏன் விரியவில்லை என்று எழுதவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். கோமரோவ் போன கலமான சோயூஸ் 1 கிளம்பியது 1967 ஏப்ரல் 23. அதற்கு முன் ஆளில்லாமல் செய்த மூன்று சோதனைகளும் சொதப்பியிருந்தன. ஒரு கலம் தன்னைத்தானே வெடித்து அழித்துக்கொண்டது. ஒன்று ஏவுதளத்திலேயே விபத்தானது. மூன்றாவது வெப்பக் கவசத்தில் ஓட்டை விழுந்து ஆரல் கடல் பனியில் இறங்கியது. அப்படியும் ஆளை ஏற்றினார்கள். மேலே போனதும் இடது பக்கச் சூரியத் தகடு விரியவில்லை, மின்சாரம் குறைந்தது, கலத்தைத் திசை திருப்பி நிறுத்தும் கருவிகளும் ஒத்துழைக்கவில்லை. தானியங்கி முறைகள் கைவிட்ட பிறகு கோமரோவ் கையாலேயே கலத்தைத் திருப்பி நிறுத்தி, சரியான நேரத்தில் பிரேக் ராக்கெட்டைப் பற்றவைத்துத் திரும்பினார். அந்த வேலையை அன்று எத்தனை பேர் செய்திருப்பார்கள்? வெளியாகியிருக்கும் உரையாடல் பதிவுகளில் அவர் நிதானமாகத்தான் பேசுகிறார். ககாரின் அவருக்கு மாற்று வீரராக இருந்தார் என்பது உண்மை. அந்த ஓர் உண்மையைச் சுற்றித்தான் உங்கள் வசனம் முழுக்கக் கட்டப்பட்டிருக்கிறது.

பாராசூட்டுக்கு வருகிறேன். பெரிய பாராசூட்டைப் பெட்டியிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவர ஒரு சிறிய பாராசூட் உண்டு. சிறியது விரிந்தது. பெரியது வரவில்லை. அழுத்த வேறுபாட்டில் பெட்டியின் சுவர் உள்வாங்கி, மடித்து வைத்த பாராசூட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது என்பது விசாரணையின் முடிவு. இறுகலான தலையணை உறைக்குள்ளிருந்து மெத்தைப் போர்வையை ஒரு நூலால் உருவிப் பாருங்கள், புரியும். பெட்டியின் உட்புறத்தில் பிசின் படிந்து சொரசொரப்பாகிவிட்டது என்று இன்னொரு காரணத்தையும் பின்னாளில் அங்கே வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். மாற்று பாராசூட் வந்தது, ஆனால் கழன்று போகாமல் மேலே ஆடிக்கொண்டிருந்த சிறிய பாராசூட்டோடு சிக்கிக்கொண்டது. ஏப்ரல் 24 காலை, ஓரென்பர்க் பக்கம், கலம் தரையில் மோதித் தீப்பிடித்தது.

இதில் உங்களுக்கே உபயோகமான ஒரு திருப்பம் இருக்கிறது, யாருமே சொல்லவில்லை. அடுத்த நாள் மூன்று பேருடன் சோயூஸ் 2 கிளம்பி இதனோடு இணைவதாக இருந்தது. அதிலும் இதே பாராசூட், இதே பெட்டி. முதல் கலத்தில் இத்தனை கோளாறு வந்ததால் இரண்டாவதை நிறுத்தினார்கள். அந்தச் சூரியத் தகடு ஒழுங்காக விரிந்திருந்தால் நான்கு பேர் இறந்திருக்கக்கூடும். பிஜிஎம் போட இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்?

அமெரிக்காவின் அப்பல்லோ 1 மட்டும் என்ன வாழ்கிறது? அங்கேயும் "உயிரோடு எரிந்த மூவர்", அங்கேயும் சிவப்பு வட்டம். 1967 ஜனவரி 27, மாலை 6.31. கஸ் கிரிஸ்ஸம், எட் ஒயிட், ராஜர் சாஃபி. ராக்கெட்டில் அன்று எரிபொருளே இல்லை, தரையில் நின்றபடி நடந்த ஒத்திகை. அதனாலேயே அதை ஆபத்தான சோதனை என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் கேபினுக்குள் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன். சுவரெல்லாம் எரியக்கூடிய வலைகளும் வெல்க்ரோவும். எங்கோ ஒரு பொறி. தீ என்று ரேடியோவில் குரல் வந்ததிலிருந்து குரல் நிற்கும்வரை இருபது வினாடிகூட ஆகவில்லை. அவர்களைக் கொன்றது பெரும்பாலும் தீக்காயம் அல்ல, நச்சுப் புகை.

அப்புறம் கதவு. மாணவர்களிடம் நான் எப்போதும் இங்கேதான் நிறுத்துவேன். உட்கதவு உள்பக்கமாகத் திறக்கும் கதவு. உங்கள் வீட்டில் மூடி உள்ளே போய் மாட்டிக்கொள்ளும் குக்கர் இருந்தால் ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள். உள்ளே ஆவி இருக்கும்வரை பயில்வான் வந்தாலும் திறக்க முடியாது, ஆவியே மூடியை விளிம்போடு அழுத்திப் பிடித்திருக்கும். சாதாரண நேரத்திலேயே அந்தக் கதவைத் திறக்க ஒன்றரை நிமிடம் வேண்டும். தீயில் அழுத்தம் ஏறிய பிறகு மூன்று பேரும் சேர்ந்து இழுத்தாலும் அசைந்திருக்காது. கேபினே சில வினாடிகளில் வெடித்துப் பிளந்தது. வெளியே இருந்தவர்கள் புகைக்குள் திணறித் திணறிக் கதவுகளைத் திறந்தபோது ஐந்து நிமிடம் கழிந்திருந்தது. இதற்குப் பிறகுதான் சில வினாடிகளில் வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு வந்தது, ஏவுதளத்தில் ஆக்சிஜனோடு நைட்ரஜனும் கலந்தார்கள், எரியும் துணிகளை மாற்றினார்கள். அந்தக் கதவோடுதான் நிலவுக்குப் போனார்கள்.

குக்கரைக் காட்டி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம், நண்பர்களே. செலவும் இல்லை.

சோயூஸ் 11 உங்களிடம் அவ்வளவாக வருவதில்லை. கருகிய படம் இல்லையே! 1971 ஜூன் 30. டோப்ரோவோல்ஸ்கி, வோல்கோவ், பட்சாயெவ். சல்யூட் 1 விண்வெளி நிலையத்தில் மூன்று வாரத்துக்கு மேல் தங்கிவிட்டுத் திரும்பி வந்தார்கள். கலத்தின் பாகங்கள் பிரிந்தபோது, தரைக்கு அருகில் வந்த பிறகே திறக்க வேண்டிய காற்று வால்வு ஒன்று சுமார் 168 கிலோமீட்டர் உயரத்தில் திறந்துகொண்டது. மூவரும் விண்வெளி உடை போட்டிருக்கவில்லை, ஏனென்றால் உடையோடு மூன்று பேர் உட்கார அதில் இடமில்லை. கையால் வால்வை மூட முயன்றிருக்கிறார்கள், நேரம் போதவில்லை. கலம் மட்டும் தானாகவே அழகாக வந்து இறங்கியது. மீட்புக் குழுவினர் கதவைத் திறந்து முதலுதவி செய்து பார்த்தார்கள். அதன்பின் பல வருடங்கள் சோயூஸில் இரண்டே பேர், உடையோடு. அன்றிலிருந்து இன்றுவரை சோயூஸ் பயணத்தில் யாரும் இறக்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை எந்த வீடியோவிலும் நான் கேட்டதில்லை.

கோபத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சோவியத் விண்வெளி ரேடியோவை ஒட்டுக்கேட்டதாகச் சொன்ன அந்த இத்தாலிய சகோதரர்களின் ஒலிப்பதிவு! விண்வெளியில் தொலைந்த பெண், சூடாக இருக்கிறது என்று அழும் குரல். அப்படி ஒரு பயணம் நடந்ததற்கான தடயம் சோவியத் ஆவணங்கள் திறந்த பிறகும் கிடைக்கவில்லை. ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அது வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது, தீபாவளி வாழ்த்து மாதிரி. உண்மையிலேயே மறைக்கப்பட்ட ஒருவர் இருக்கிறாரே, அவருக்கு ஏன் இந்த மரியாதை இல்லை? விண்வெளிப் பயணத்துக்குப் பயிற்சி பெற்றுவந்த சோவியத் வீரர் வாலெந்தின் பொந்தரென்கோ, 24 வயது. 1961 மார்ச் 23, தனிமைப் பயிற்சி அறை, உள்ளே ஆக்சிஜன் மிகுந்த காற்று. உடம்பைத் துடைத்த ஆல்கஹால் பஞ்சு மின் அடுப்பில் விழுந்தது. அங்கேயும் அழுத்த வேறுபாட்டால் கதவை உடனே திறக்க முடியவில்லை. அவர் இறந்து மூன்று வாரம்கூட ஆகாமல் ககாரின் பறந்தார். பொந்தரென்கோவின் மரணம் சோவியத் பத்திரிகையில் வெளிவந்தது 1986இல். அது முன்பே தெரிந்திருந்தால் அப்பல்லோ மூவர் பிழைத்திருப்பார்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், சுத்த ஆக்சிஜன் எப்படி எரியும் என்பதை அமெரிக்கர்கள் தங்கள் சோதனை அறைகளிலேயே அதற்கு முன் பார்த்திருந்தார்கள். ஆனால் 1971இல் அப்பல்லோ 15 வீரர்கள் இறந்தவர்களுக்காக நிலவில் ஒரு தகடு வைத்துவிட்டு வந்தார்கள். அதில் 14 பெயர்கள், கோமரோவ் உண்டு, ஒரு மாதம் முன்பு இறந்த சோயூஸ் 11 மூவரும் உண்டு. பொந்தரென்கோ இல்லை. அப்படி ஒருவர் இருந்ததே அவர்களுக்குத் தெரியாது.

சரி, வியூஸ் வேண்டும், வருமானம் வேண்டும், அல்காரிதம் அப்படி என்பீர்கள். நானும் உங்களில் சிலருக்குச் சந்தாதாரன்தான். தமிழில் ராக்கெட் பற்றிப் பேச ஆள் இல்லாத காலத்தில் பாடம் நடத்தியவன், உங்கள் உழைப்பின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் 2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான தப்பிக்கும் அமைப்பைச் சோதித்தார்கள். ஆளில்லாத கேப்ஸ்யூல் ராக்கெட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போய், பாராசூட் விரிந்து, வங்கக் கடலில் இறங்கியது. கோமரோவுக்கு விரியாதது அன்று விரிந்தது என்று ஒருவராவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம். யாரும் சாகவில்லை, அதனால் தம்ப்நெயில் கிடைக்கவில்லை போலிருக்கிறது. அந்தப் பயணத்துக்காகப் பயிற்சி பெற்ற நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அவர் மேலே போகும் நாளில் அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு எந்தப் படம் நினைவுக்கு வரும் என்று நான் உங்களைக் கேட்கலாமா?

கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். வீடியோவை நீக்கச் சொல்லவில்லை. அந்தப் படத்தை மட்டும் முகப்பிலிருந்து எடுங்கள். யாரும் பதிவு செய்யாத அலறலை எழுதிப் படிக்காதீர்கள். பாராசூட், கதவு, வால்வு, இந்த மூன்றுக்கும் ஆளுக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். குக்கர் வேண்டுமானால் நான் கொண்டுவருகிறேன்.

பத்தொன்பது தாள்களும் இன்னும் மதிப்பெண் போடாமல் என் மேசையில்தான் இருக்கின்றன. அடுத்த வாரம் பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் உங்களில் ஒருவராவது திருத்திய வீடியோ ஒன்றைப் போட்டால், தாள்களோடு அந்த இணைப்பையும் கொடுத்துவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியன்